வைட்டமின் டாக்டரும் நம் வீட்டுத் தட்டும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானபோது புதுச்சேரிக்கு ஒரு பட்டம் கிடைத்தது. வயது வந்தவர்களில் 26.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கோவா முதலிடத்தில் நின்றது. 26.3 சதவீதத்தோடு நாம் அடுத்த இடம். நூலிழையில் தவறிய முதலிடம். அதிலிருந்து ஊரில் பாதிப் பேர் உணவு நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். மாலையில் வண்டிகள் வராமல் அடைத்துவிட்ட கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் காதில் விழும். ஒருவர் அரிசியைத் தலைமுழுகிவிட்டார். இன்னொருவர் கம்புக்கு மாறிவிட்டார். பாரீசிலிருந்து மகன் வாங்கிவந்த வைட்டமின் டப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார் மூன்றாமவர்.

இந்தப் பேச்சுகளையெல்லாம் ஒரு மனிதரின் வாழ்நாள் வேலையோடு உரசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. டாக்டர் சி. கோபாலன். 1918-இல் சேலத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.டி., லண்டனில் பிஎச்.டி. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, அது ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த பிறகு 1961 முதல் 1974 வரை அதன் இயக்குநராக இருந்தார். இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நாம் அறிவது அதைத்தான். அடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை. 1980-இல் டெல்லியில் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். 1987-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2019 அக்டோபரில், நூறு வயதில் காலமானார். இவ்வளவு இருந்தும், அவர் பெயரைச் சொன்னால் “எந்தக் கோபாலன்?” என்றுதான் கேட்பார்கள்.

“வெள்ளை வெளேரென்று இருப்பதுதான் நல்ல அரிசி. புழுங்கல் இல்லாதவர் வீட்டுச் சோறு.”

கோபாலன் பின்னாளில் தலைமை தாங்கிய நிறுவனமே இந்த நம்பிக்கை உண்டாக்கிய நோயிலிருந்து பிறந்ததுதான். அவர் பிறந்த அதே 1918-இல், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் விசாரணையைத் தொடங்கினார். கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் தளர்ந்துவிடும் நோய் அது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைப் பார்த்து எழுதியிருந்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சென்னை மாகாணத்தில் இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான எல்லை இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் அது ஏறக்குறைய இல்லை. இரண்டு பக்கமும் அரிசிதான் சோறு, இரண்டு பக்கமும் வறுமைதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டோடு ஒட்டியிருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் நீரோடு சேர்ந்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் தவிட்டோடு போய்விடுவதில்லை. மெக்கரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த அய்க்ராய்டு 1930-களில் இதை விரிவாக அளந்து எழுதினார். அந்தத் தயமினைச் செயற்கையாக முதலில் தயாரித்தவர் அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ், ஆண்டு 1936. அவர் பிறந்த ஊர், பெரிபெரி பூமியான அதே ஆந்திரக் கரையிலுள்ள நெல்லூர்!

ஆக, பாகூர் வயல்களில் விளைந்ததைப் புழுக்கித் தின்ற நம் பாட்டிமார் எந்த வைட்டமினையும் அறியாமலே பெரிபெரியிலிருந்து தப்பினார்கள். சரி, அதனால் புழுங்கல் சர்க்கரை நோய்க்கு மருந்தா? அதுவும் இல்லை. தயமின் வேறு, மாவுச்சத்து வேறு. மூன்று தட்டுச் சோறு புழுங்கலானாலும் மூன்று தட்டுதான். வெள்ளை அரிசியைப் பழித்துவிட்டுப் புழுங்கலை அளவில்லாமல் அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

“பழைய சோற்றில் ஒரே இரவில் இரும்புச் சத்து இருபது மடங்கு கூடும். பி12-ம் வந்துவிடும்.”

வாட்ஸ்அப்பில் இது சுற்றாத குடும்பக் குழு இல்லை. இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர் எதுவும் அதை உண்டாக்க முடியாது. இரவு பானையில் எவ்வளவு இரும்பு இருந்ததோ அவ்வளவுதான் காலையிலும் இருக்கும். புளிக்கும்போது அரிசியில் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைவதால், இருக்கிற இரும்பைக் குடல் சற்றுக் கூடுதலாக உறிஞ்ச வழி பிறக்கிறது. உண்மை அந்த அளவுக்குத்தான். பி12 அரிசியில் கிடையாது. நீராகாரத்தை நம்பி அதை விட்டுவிட முடியாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் தேட வேண்டும். சின்ன வெங்காயத்தோடும் கருவாட்டோடும் பழைய சோறு சாப்பிட இந்தக் கட்டுக்கதை எதுவும் தேவையில்லை. ருசி ஒன்றே போதும்.

“பாதம் எரிந்தால் உடம்புச் சூடு. ஒரு சத்து ஊசி போட்டால் சரியாகிவிடும்.”

பாத எரிச்சலில்தான் கோபாலனின் பெயர் முதன்முதலில் மருத்துவ நூல்களில் ஏறியது. 1820-களில் பர்மா போருக்குப் போன இந்தியச் சிப்பாய்களிடம் கிரியர்சன் என்ற மருத்துவர் இந்த எரிச்சலைப் பார்த்து எழுதினார். இரண்டாம் உலகப் போரில் கிழக்காசிய முகாம்களில் அடைபட்ட கைதிகளும் இதனால் இரவெல்லாம் தூங்காமல் தவித்தார்கள். இளம் மருத்துவரான கோபாலன் ஏழை நோயாளிகளுக்குத் தெரிந்த பி வைட்டமின்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். குணம் தெரிந்தது பான்டோதெனிக் அமிலம் என்ற ஒன்றுக்குத்தான். 1946-இல் கட்டுரை வெளிவந்தது. நோய்க்குக் கிரியர்சன்-கோபாலன் நோய்க்குறி என்று பெயர் நின்றுவிட்டது.

இதைப் படித்ததும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். பான்டோதெனிக் அமிலம் ஏறக்குறைய எல்லா உணவிலும் கொஞ்சம் இருக்கிறது. அதுகூடக் குறைகிறது என்றால் அந்த மனிதருக்குச் சாப்பாடே குறைகிறது என்று பொருள். இன்றைய புதுச்சேரியில் ஐம்பது வயதுக்காரருக்குப் பாதம் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரையை. நூற்றுக்கு 26 பேருக்கு அந்த நோய் இருக்கும் ஊரில் நரம்பு பழுதாவதற்கு அதுவே பெரிய காரணம். அடுத்தது பி12. சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையலாம், அந்தக் குறையும் நரம்பைத் தொடும். காரணம் தெரியாமல் போடுகிற பி-காம்ப்ளெக்ஸ் ஊசியில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஊசிக்குப் பின் மஞ்சளாகப் போனதே, மருந்து வேலை செய்ததற்கு அதுதானே அடையாளம் என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்த மஞ்சள் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின். உடம்பு வேண்டாம் என்று தள்ளிய பங்கு அது.

“நம் பிள்ளைகளுக்குக் குறைவது புரதம். டப்பா பவுடர் கலக்கிக் கொடுத்தால்தான் தேறுவார்கள்.”

கோபாலன் உலகத்தோடு மோதியது இந்த இடத்தில். 1950, 60-களில் ஐ.நா. நிறுவனங்கள் முதல் பல்கலைக்கழகங்கள் வரை எல்லோரும் ‘புரத இடைவெளி’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் புரத நெருக்கடியைத் தடுப்பது எப்படி என்று 1968-இல் ஐ.நா. அறிக்கையே வந்தது. மீனை உலர்த்தி மணமில்லாத மாவாக்குவது, கோதுமையில் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கலப்பது என்று ஆராய்ச்சிப் பணம் அந்தப் பக்கமே ஓடியது. ஏழைக் குழந்தை வீங்கிப்போவது புரதம் இல்லாததால், எலும்பும் தோலுமாக வற்றிப்போவது மொத்தச் சாப்பாடே இல்லாததால் என்பது பாடப்புத்தக விளக்கம். முன்னதற்கு குவாஷியோர்கர் என்றும் பின்னதற்கு மராஸ்மஸ் என்றும் பெயர்.

கோபாலனின் ஹைதராபாத் குழு கிராமங்களுக்குப் போய், நோய் வருவதற்கு முன்பே குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்தது. இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். நோய் வந்த பிறகு தாயிடம் கேட்டால் அவள் நினைவில் இருப்பது மட்டும்தான் கிடைக்கும். எழுதிவைத்ததைப் பிறகு புரட்டிப் பார்த்தபோது, வீங்கிய பிள்ளை தின்றதற்கும் வற்றிய பிள்ளை தின்றதற்கும் புரத விகிதத்தில் வித்தியாசமே தெரியவில்லை. இருவர் தட்டும் ஒன்றுதான், இரண்டும் போதாத தட்டுகள்.

அடுத்து ஒரு சோதனை. குறைவளர்ச்சியுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் 310 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், அவ்வளவுதான். அதில் புரதம் 3 கிராம் மட்டும். பிள்ளைகள் எடையும் கூடினார்கள், உயரமும் கூடினார்கள். 1973-இல் இது வெளியானது. ஏற்கெனவே தின்கிற சோறு, பருப்பில் புரதம் இருக்கத்தான் செய்கிறது. வயிறு நிறையாதபோது உடம்பு அந்தப் புரதத்தை வளர்வதற்குப் பயன்படுத்த முடியாமல் விறகுபோல எரித்துவிடுகிறது. அடுத்த ஆண்டே டொனால்டு மெக்லாரன் லான்செட் இதழில், புரதத்தின் பெயரால் நடந்த இந்த முயற்சிகள் எல்லாம் படுதோல்வி என்று தலைப்பிலேயே அடித்து எழுதினார். ஐ.நா. மெல்லப் பின்வாங்கியது.

கோபாலன் குழு கண்டுபிடிக்கும் முன்பே சிலர் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1930-லேயே புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. பவுடர் எதுவும் இல்லை, வயிற்றுக்குச் சோறு.

டப்பாக் கம்பெனிகள் மட்டும் பின்வாங்கவில்லை. விலையுயர்ந்த சத்து மாவுகள் பலவற்றில் பாதிக்கு மேல் தானியமும் சர்க்கரையும்தான் என்பதை டப்பாவின் பின்பக்கம் படித்தாலே தெரியும். இதைச் சொன்னதால் புரதமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோற்று மலைக்குப் பக்கத்தில் பருப்பை ஒரு கரண்டி மட்டும் ஊற்றிக்கொள்ளும் நம் நடுத்தர வயதுக்காரர்கள் பருப்பையும் மீனையும் கூட்டி, சோற்றைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் அது வேறு பிரச்சினை, வேறு வயது.

“நம்ம ஊர்ப் பிள்ளைகள் சின்ன உருவம்தான். ஆனால் கெட்டி.”

இதைக் கிழவிகள் மட்டும் சொல்லவில்லை. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், உயரம் குறைந்தாலும் ஆரோக்கியம்தான், குறைவான உணவுக்கு உடம்பு தன்னைப் பொருத்திக்கொள்கிறது என்று வாதிட்டார். அரசுகளுக்கு இதைவிட இனிக்கிற செய்தி உண்டா? பட்டினிக் கணக்கு ஒரே நாளில் பாதியாகிவிடும். கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். குட்டையாகிப் போவது உடம்பு வறுமைக்குக் கட்டிய வரி என்பது அவர் வாதத்தின் சாரம். வசதியான வீட்டு இந்தியக் குழந்தைகள் உலகத் தரத்துக்கு வளர்கிறார்களே, அப்புறம் பரம்பரையைக் காரணம் காட்டுவது எப்படி என்று கேட்டார்.

இந்தச் சண்டை பழையதாகிவிடவில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தை பிற்காலத்தில் வசதியாகச் சாப்பிடும்போது சர்க்கரை நோய்க்கு எளிதாக இரையாகிறது என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கரும் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் காட்டினார்கள். நம் 26.3 சதவீதத்துக்கு இன்றைய பிரியாணியை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. அந்த ஐம்பது வயதுக்காரரின் அம்மா கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

“சிறுதானியம் என்றால் அமிர்தம். எவ்வளவு தின்றாலும் நன்மைதான்.”

தக்காணத்தில் சோளம் மட்டுமே தின்று வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லக்ரா இருந்தது. வெயில் படும் கை, கழுத்துத் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கு வரும். முற்றினால் சித்தம் கலங்கும். நியாசின் என்ற பி வைட்டமின் குறையால் வரும் நோய் இது. அமெரிக்காவில் மக்காச்சோளம் தின்றவர்களுக்கு இது வந்தபோது, அந்தத் தானியத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் குறைவு, அதிலிருந்துதான் உடம்பு நியாசின் செய்துகொள்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். நம் வெள்ளைச் சோளத்திலோ டிரிப்டோபேன் அப்படியொன்றும் குறைவில்லை. பிறகு ஏன் நோய்? 1960-இல் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் லான்செட்டில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, அது நியாசின் உருவாவதைக் குலைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். நாய்களிடம் சோதித்தும் காட்டினார்கள். வேறு ஆய்வுக்கூடங்களில் சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. லியூசின் வாதம் இன்றும் முழுதாக ஒப்புக்கொள்ளப்பட்டதல்ல.

நோய் மட்டும் உண்மை. சோளமே மூன்று வேளையும், அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் என்று வாழ்ந்தவர்களுக்குத்தான் வந்தது. பால், பருப்பு, காய் சேர்ந்த வீடுகளில் அதே சோளம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. காலை கேழ்வரகுக் கூழ், இரவு கம்பு தோசை என்று மாற்றிக்கொள்கிறவர் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நாலு தோசை நாலு தோசைதான், கம்பிலும் மாவுச்சத்து உண்டு.

“கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம்.”

கிட்டப்பார்வை கண்ணின் அமைப்பைப் பொறுத்தது. எந்தக் காயும் அதை மாற்றாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் கேரட் தின்று இருட்டில் எதிரியை வீழ்த்தினார்கள் என்று அந்நாட்டு அரசே பரப்பிய கதைக்கும் இந்த நம்பிக்கையில் பங்குண்டு. ரேடாரை மறைக்கச் சொன்ன கதை அது. வைட்டமின் ஏ குறைந்தால் வருவது மாலைக்கண், முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போகும். 1960-களில் இந்தியாவில் ஏழைக் குழந்தைகள் இப்படிக் கண்ணை இழந்துகொண்டிருந்தார்கள்.

வைட்டமின் ஏ ஈரலில் தங்கும், எனவே ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுத்து வைக்கலாம் என்று ஹைதராபாத் நிறுவனம் நினைத்தது. ஆண்டுக்கு ஒரு தடவை 3 லட்சம் அலகு என்று களத்தில் சோதித்தது. 1970-இல் தேசியத் திட்டம் வந்தது: ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு. அங்கன்வாடியில் கரண்டியில் ஊற்றும் அந்த எண்ணெய் மருந்து இதுதான்.

இதற்கு வழி வகுத்தவர் கோபாலன். இதை நிறுத்தச் சொன்னவரும் கோபாலன். முரண்பாடு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடங்கும்போதே இது தற்காலிக ஏற்பாடு என்றுதான் அவர் நினைத்தார். பத்து, இருபது ஆண்டுகளில் கண்ணைப் பறிக்கும் கடும் நிலை பெரும்பாலான இடங்களில் அரிதாகிவிட்டது. அதற்குப் பின்னும் எல்லாக் குழந்தைக்கும் மருந்தளவு கொடுத்துக்கொண்டிருப்பதை அவர் ஏற்கவில்லை. இதைக் காரணம் காட்டிக் கீரைக்கும் பழத்துக்கும் செலவிட வேண்டிய அக்கறை தளர்ந்துவிடுகிறது என்று தொண்ணூறு வயதை நெருங்கியும் எழுதினார். எதிர்த்தரப்பில் உலக அமைப்புகளும் இருந்தன, குழந்தை மரணத்தைக் குறைக்கிறது என்ற ஆய்வுகளும் இருந்தன. வாதம் இன்னும் தீரவில்லை. திட்டம் நடக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அட்டையில் குறித்த தவணையைக் கொடுங்கள். ஆனால் அதே மாதம் கடையில் தனியாக வாங்கிப் புகட்ட வேண்டாம். ஏ வைட்டமின் உடம்பிலேயே தங்கும், மிஞ்சினால் நஞ்சு. கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

1971-இல் கோபாலனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். 100 கிராம் கேரட்டில் கரோட்டின் 1,890 மைக்ரோகிராம். அகத்திக்கீரையில் 5,400. முருங்கைக்கீரையில் 6,780. கீரையிலிருக்கும் கரோட்டின் முழுவதும் உடம்பில் வைட்டமினாக மாறுவதில்லை என்று பின்னாளில் தெரிந்தது. கழித்துப் பார்த்தாலும் முருங்கை குறைந்துபோகவில்லை. பெரிய மார்க்கெட்டில் ஊட்டி கேரட்டின் விலையையும் முருங்கைக்கீரைக் கட்டின் விலையையும் கேட்டுப் பார்த்தால் மிச்சக் கணக்கு தெரியும். ஒரு நிபந்தனை: கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், எண்ணெயில்லாமல் அவித்த கீரையில் பாதி வீண். கொஞ்சம் எண்ணெயில் கடுகு தாளித்து, தேங்காய்ப் பூவைத் தாராளமாகத் தூவி இறக்குங்கள்.